டூப்புக்கு டூப்

ஏழாவது டேக்கிலும் கூழன் நொண்டியது.

மூன்றாவது மாடி விளிம்பிலிருந்து குதித்ததில் குறை ஒன்றும் இல்லை. காற்றில் உடம்பைச் சுருட்டிக்கொண்டது, அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் விழுந்து உருண்டது, அதே வேகத்தில் எழுந்தது. எல்லாம் கச்சிதம். எழுந்த பிறகு காமிராவை நோக்கிப் பத்தடி ஓட வேண்டும். அந்தப் பத்தடியில்தான் கோளாறு. கதாநாயகி ஆராதிகாவின் முகம், அவளுடைய கூந்தல், அவளுடைய மஞ்சள் சட்டை எல்லாம் இருந்தன. இடது கால் மட்டும் வேறு யாருடையதோ போல் இழுத்தது.

“கட்!” டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். “யோவ் தீர்த்தகிரி, இதுக்குத்தான் கம்பெனியில அவ்ளோ பேசினீங்களா? கிராஃபிக்ஸ் இல்ல, கயிறு இல்ல, ஒரே ஷாட்டுன்னு நான் பேப்பர்ல பேட்டி குடுத்துட்டேன்யா. ஒண்ணு இத சரி பண்ணு, இல்ல தூக்கிட்டுக் கிளம்பு.”

தீர்த்தகிரி கூழனைச் செய்த கம்பெனியின் பொறியாளன். தருமபுரிக்காரன், இருபத்தெட்டு வயது. நான்கு நாளாகச் சரியாகத் தூங்காத முகம். “பாத்துடறேன் சார்” என்று சொல்லிக் கூழனின் கையைப் பிடித்து வேனை நோக்கி நடத்திக்கொண்டு போனான். அது ஆராதிகாவின் முகத்தோடு, தலை குனிந்தபடி, நொண்டிக்கொண்டே போனது.

குடையின் அடியில் நின்றுகொண்டிருந்த குணவதிக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் கூழனின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணவதிக்கு முப்பத்து நான்கு வயது. புளியந்தோப்பில் அக்கா வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். பதினாறு வருடங்களாகக் கதாநாயகிகளுக்கு டூப் போடுபவள். கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுவாள், படிக்கட்டில் உருளுவாள், எரியும் புடவையோடு ஓடுவாள். இப்போது இருபது அடிக்கு மேல் கயிறு இல்லாமல் மனிதர் யாரும் குதிக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். டைரக்டருக்குக் கயிறு பிடிக்காது. அதனால் கூழன் வந்தது.

கூழன் அவளுக்குப் புதிது அல்ல. சின்ன வயதில் அவள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ‘கைக்கூண்டு’ விளையாடிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் ஊர் ஊராகப் போய் விசித்திர ஜந்துக்களைப் பிடித்துச் சேர்த்து, ஒன்றோடு ஒன்றை மோதவிடும் விளையாட்டு. மற்றவர்கள் நெருப்புக் கக்கும் பல்லியையும் இடி இறக்கும் கழுகையும் தேடி அலைந்தார்கள். குணவதிக்குக் கூழனைத்தான் பிடிக்கும். கஞ்சியில் படியும் ஏடு போல ஒரு வெளுத்த உருண்டை. உச்சியில் தொப்புள் மாதிரி ஒரு குழி. சொந்தமாக ஒரு அடிகூட அடிக்கத் தெரியாது. எதிரில் எது நிற்கிறதோ அதுவாகவே மாறிவிடும். “போயும் போயும் கூழனா?” என்று பெரியப்பா பையன் சிரிப்பான். அவன் கழுகை இறக்கினால் அவளுக்கும் ஒரு கழுகு கிடைத்துவிடும். அது அவளுக்குப் பெரிய தந்திரமாகத் தெரிந்தது.

அந்த விளையாட்டுக்கு உரிமை வாங்கிய கம்பெனி ஒன்று கூழனை நிஜமாகவே தொட்டியில் வளர்த்தெடுத்தது. பிறகு சினிமாவுக்கு அனுப்பியது. படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் தீர்த்தகிரி ஸ்டண்ட் மாஸ்டர் ஜோதிலிங்கத்துக்கு விளக்கினான்.

“முகத்துக்கும் உருவத்துக்கும் போட்டோ போதும் மாஸ்டர். ஆனா நடக்க, ஓட, விழ அதுக்குச் சொந்தமா தெரியாது. உயிரோட இருக்கிற ஒரு உடம்பு மேல படுத்துத்தான் கத்துக்கும். தசை, மூட்டு எல்லாத்தையும் அப்படியே படிச்சுக்கும். அந்த ஆளைத்தான் நாங்க மூலம்னு சொல்லுவோம்.”

“தம்பி, அந்தப் பேர மட்டும் மாத்திரு. எங்க ஏரியாவுல அது வேற வியாதி” என்றார் ஜோதிலிங்கம்.

ஆராதிகாவின் உயரமும் குணவதியின் உயரமும் ஒன்று. குணவதி மூன்று நாட்கள், தினம் ஆறு மணி நேரம், தொட்டியில் படுத்துக் கிடந்தாள். கூழன் அவளைக் கழுத்து வரை போர்த்திக்கொண்டது. குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. சின்ன வயதில் திரையில் தடவிய ஜந்து இப்போது தன் மேல் படுத்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் சிரிப்பு போய்விட்டது. கூழன் அவளுடைய இடது முழங்காலைச் சுற்றி வெகுநேரம் அசையாமல் இருந்தது.

அந்த முழங்கால் மூன்று வருடங்களுக்கு முன்னால், லாரிக்கு அடியில் பைக்கோடு சறுக்கும் காட்சியில் போயிற்று. உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. யூனியனில் வருடம் ஒருமுறை உடல்தகுதிச் சான்று கொடுக்க வேண்டும்; நடக்கச் சொல்லிப் பார்த்துத்தான் டாக்டர் எழுதிக் கொடுப்பார். சவ்வு கிழிந்தவர்களுக்குக் கார்டு கிடையாது, கார்டு இல்லாமல் வேலை கிடையாது. மஞ்சள் காமாலை என்று சொல்லி இரண்டு மாதம் வீட்டில் கிடந்தாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று நடக்கப் பழகினாள். பாதத்தின் வெளிவிளிம்பில் பாரத்தை வைப்பது, இடுப்பிலிருந்து காலைத் தள்ளுவது, பேசிக்கொண்டே நடப்பது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவள் நடை நேராகிவிடும். எவ்வளவு வலித்தாலும் நேராகிவிடும். அது அவளுக்கு மூச்சு விடுவது போல ஆகிவிட்டிருந்தது.

அன்று மதிய சாப்பாட்டு இடைவேளையில் அவள் வேனுக்குப் போனாள். தீர்த்தகிரி மடிக்கணினியை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

“இன்னா தம்பி, எதாவது தெரிஞ்சிச்சா?”

“ஒண்ணும் தெரியலக்கா. எல்லா ரீடிங்கும் சரியா காட்டுது. உங்க நடையும் நேராத்தான் இருக்கு. ஆனா இது நொண்டுது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி ஆகலேன்னா கலைச்சுடச் சொல்லிட்டாங்க.”

“கலைக்கிறதுன்னா?”

“உப்புத் தண்ணியில போட்டுட்டா கரைஞ்சுரும். அப்புறம் புதுசா ஒண்ணு வளப்பாங்க. உங்களையே மறுபடி மூணு நாள் படுக்கச் சொல்வாங்க. என்னை வேலைய விட்டு அனுப்புவாங்க.” அவன் எழுந்தான். “கொஞ்சம் பாத்துக்கறீங்களாக்கா? ரெண்டு வாய் சாப்டுட்டு வரேன். நேத்து மதியத்துலேர்ந்து டீதான்.”

அவன் போனதும் குணவதி கதவைச் சாத்தினாள். கூழன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கட்டளை எதுவும் இல்லாததால் ஆராதிகாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தில் குணவதியின் முகம் வந்துகொண்டிருந்தது. உச்சிக் குழி காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

“டேய், இங்க பாரு” என்றாள். “காலை எப்டி வக்கிறேன் பாரு. இந்த ஓரத்துல. ஆங், இந்த ஓரத்துல பாரத்த குடு. இடுப்ப தள்ளு. மூஞ்சில ஒண்ணும் காட்டாத. அவ்ளோதான். எங்க, நட.”

கூழன் எழுந்து நடந்தது. நொண்டியது.

“அப்டி இல்லடா. ஓரத்துல, ஓரத்துல!”

மறுபடி நொண்டியது. அவள் அதன் பாதத்தைக் கையால் பிடித்துச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். முன்னால் நின்று நடந்து காட்டினாள். பத்துத் தடவை, பதினைந்து தடவை. எதிரில் நிற்பது எதுவாக இருந்தாலும் அதுவாகவே மாறத் தெரிந்த ஜந்துவுக்கு இந்த ஒரு சின்ன ஏமாற்று வேலை வரவில்லை. “கொஞ்சம் நடியேண்டா! உலகத்துல எல்லாரும் நடிக்கறாங்க, உன்னால முடியாதா?” என்று அதன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கூழன் அவளைப் பார்த்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டு, முழங்காலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தது. பற்களைக் கடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்ட பிறகு குணவதி செய்வது அது. யாருமே பார்த்ததில்லை. அவளே பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு அது தண்ணீர்க் கேன் பக்கம் போக எழுந்தது. ஒரு கையால் வேனின் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தத்தி, இடது காலை இழுத்து. நாலடி தூரத்துக்கு இரண்டு தடவை நின்றது.

‘இவ்வளவு மோசமாகவா இருக்கிறது?’ என்று குணவதி நினைத்தாள். கொஞ்சம் வலி, கொஞ்சம் இழுப்பு, அவ்வளவுதான் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். எதிரில் தெரிந்தது ஒரு கிழவியின் நடை. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

கதவு திறந்தது. தீர்த்தகிரி கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றான். அவன் கூழனைப் பார்த்தான். பிறகு குணவதியின் காலைப் பார்த்தான்.

“உங்க காலாக்கா?”

“என் காலுதான்.”

“அப்போ முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?”

அவன் பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்தான். “நாலு நாளா நான் என்ன தப்பு பண்ணேன்னு மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கேன். எல்லார் முன்னாலயும் அந்தாளு என்னைக் கழுவிக் கழுவி ஊத்தறாரு. நீங்க குடைக்குக் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

“சொன்னா கார்டு போயிரும் தம்பி. நான் இன்னா பண்றது? நடக்கும்போது மறச்சிக்கிற மாதிரி அதுவும் மறச்சிக்கும்னு நெனச்சேன்.”

“நீங்க மறைக்கிறது உங்க மனசு பண்ற வேலை. அதை அது எடுத்துக்காது. உடம்புல இருக்கறதத்தான் எடுத்துக்கும். அதுக்கு யார்கிட்டயும் எதையும் மறைக்கணும்னு தெரியாது.”

அன்று மாலையே குணவதி ஜோதிலிங்கம் மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தீர்த்தகிரிக்காகவா, கூழனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் தன் உருவத்தோடு அது கரைவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாஸ்டர் கத்தினார். “மூணு வருசமா என் கயித்துல தொங்கியிருக்க. என்னாவது ஆயிருந்தா உங்க அக்காவுக்கு யார் பதில் சொல்றது? ஒரு வார்த்த சொன்னியா என்கிட்ட?”

“சொல்லியிருந்தா வேல குடுத்திருப்பியா மாஸ்டர்?”

அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். “நாளைக்கு வேற ஆளுங்கள வரச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் காலை யூனியனிலிருந்து ஸ்டண்ட் ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். முழுதாகக் கற்றுக்கொள்ள மூன்று நாள் வேண்டும் என்றாலும், குறை இருக்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும் என்று தீர்த்தகிரி சொல்லியிருந்தான். முதலில் தாமோதரன் படுத்தார். கூழன் எழுந்தபோது அதனால் கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை. தாமோதரன் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்து பிலோமினா. கூழனின் வலது கைவிரல்கள் மடங்க மறுத்தன. டீ கிளாஸை அவள் எப்போதும் இடது கையால் பிடிப்பது குணவதிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது ஆளின் உருவத்தில் அதனால் குனியவே முடியவில்லை. நான்காவது ஆளின் உருவத்தில் நின்ற இடத்திலேயே தள்ளாடியது. மீதி இரண்டு பேர் அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள்.

“உங்க யூனியன்ல முழுசா ஒரு ஆளு கூடவா கெடையாது?” என்றார் டைரக்டர்.

ஜோதிலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் படுக்கறேன்” என்று செருப்பைக் கழற்றினார். ஐம்பத்தாறு வயது. யாரும் தடுக்கவில்லை.

அரைமணி கழித்துக் கூழன் அவர் உருவத்தில் எழுந்து நின்றது. தீர்த்தகிரி இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். இடது கை மேலே போயிற்று. வலது கை தோள் உயரம் வரை வந்து, நடுங்கி, நின்றுவிட்டது. மாஸ்டர் தன்னையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலை வாருவதுகூட இடது கையால்தான் என்பதை இத்தனை வருடத்தில் ஒருவரும் கவனித்ததில்லை.

“சீ, கொண்டு போ இத” என்றார்.

மதியம் டைரக்டர் ஒரு கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்ணை வரவழைத்தார். வாழ்க்கையில் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை என்றாள். உப்புத் தண்ணீர்க் கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லி டைரக்டரே கம்பெனியோடு பேசினார். மூன்று நாள் கூழன் அவளைப் படித்தது. நான்காம் நாள் மூன்றாவது மாடி விளிம்பிலிருந்து குதித்தது. அப்படி ஒரு அழகான குதியை அந்த யூனிட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் பெட்டி அடுக்கின் மேல் அது மூட்டை விழுவது போல விழுந்தது. தோளுக்குக் கீழே கிழிந்து, வெள்ளைக் கூழ் வழிந்தது. தீர்த்தகிரி ஓடிப்போய் இரண்டு கையாலும் கிழிசலை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

“அந்தப் பொண்ணுக்கு எறங்கத் தெரியும். விழத் தெரியாது” என்றார் ஜோதிலிங்கம். “நூறு தடவ விழுந்து அடிபட்டவனுக்குத்தான் சார் அது வரும். நீங்க கேக்கற மாதிரி, விழவும் தெரிஞ்சிருக்கணும், அடியும் பட்டிருக்கக் கூடாதுன்னா, அப்டி ஒரு உடம்பு எங்கியும் கெடையாது.”

கடைசியில் டைரக்டர், “சரி. கதையிலயே நொண்டட்டும்” என்றார். முதல் காட்சியிலேயே கதாநாயகிக்குக் காலில் அடிபட்டதாக மாற்றி எழுதினார்கள். கூழனின் கிழிசல் ஆறியதும் மறுபடி குணவதியே மூல உடம்பு ஆனாள். கூழன் தப்பித்தது. தீர்த்தகிரியின் வேலையும் தப்பித்தது.

குணவதியின் கார்டும் போகவில்லை. அவளை விசாரிக்க யூனியன் மூன்று பேர் கமிட்டி போட்டது. அந்த மூன்று பேரில் ஒருவர் தாமோதரன். கமிட்டி ஒருநாளும் கூடவில்லை. ஆனால் விஷயம் இன்ஷூரன்ஸ்காரர்கள் காதுக்கு எட்டிவிட்டது. இனிமேல் சான்று கொடுக்கும்போது எல்லாரும் கூழனுக்கு அடியில் படுத்து எழுந்துதான் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வரப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். யூனியன் ஆபீசில் குணவதி நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பிலோமினா மட்டும் ஒருநாள் வாசலில் மறித்துக் கேட்டாள்.

“உன் காலு போச்சுன்னா நீ மட்டும் சொல்லாம கொள்ளாம போயிருக்கலாம்ல? எங்க எல்லாரையும் ஏன்டி அம்மணமா நிக்க வச்ச?”

குணவதி அவளை விலக்கிக்கொண்டு நடந்தாள். பொய் சொன்னபோது ஒருவருக்கும் கெடுதல் இல்லை. உண்மை சொன்னதும் ஊரே எதிரி. இது என்ன நியாயம் என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசுக்குள் கத்திக்கொண்டே போனாள்.

கூழனின் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. அடுத்து ஆராதிகா நடந்து வரும் நெருக்கமான காட்சிகள். ஆராதிகா நல்ல பெண்தான், முயற்சியும் செய்தாள். ஆனால் அவள் நொண்டுவது பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருந்தது. கூழனைப் பார்த்துப் பழகச் சொன்னார்கள். “அதுகிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்க முடியல சார். அக்காவையே நடக்கச் சொல்லுங்க” என்றாள்.

குணவதியைக் கூப்பிட்டார்கள். யூனிட் மொத்தமும் சுற்றி நின்றது. அவள் சுவரோரமாகப் பத்தடி நடந்தாள். நடை நேராக இருந்தது.

“நொண்டும்மா” என்றார் டைரக்டர்.

மறுபடி நடந்தாள். மறுபடி நேராகத்தான் வந்தது. பாதம் தானாக ஓரத்தில் சாய்ந்தது, இடுப்பு தானாகத் தள்ளியது. அவள் வேண்டுமென்று நொண்டிப் பார்த்தாள். அது ஆராதிகாவின் நொண்டலைவிடக் கேவலமாக இருந்தது. யாரோ சிரித்தார்கள்.

“ஆளுங்க பாத்தா வரமாட்டேங்குது சார்” என்றாள். “எல்லாரையும் கொஞ்சம் அந்தாண்ட திரும்பச் சொல்லுங்க.”

எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். அவள் நடந்தாள். வலித்தது, இழுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். முனைக்கு வந்து, “பாத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“எங்கம்மா பாக்கறது? நாங்கதான் திரும்பி நிக்கறோமே!” டைரக்டரின் பொறுமை போய்விட்டது. “மூணு வருசம் ஊரையே ஏமாத்தத் தெரிஞ்சுது. பத்தடி உண்மையா நடக்க வரலையா உனக்கு?”

குணவதி சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் ஏமாத்துனனா? ‘ஒன் மோர், ஒன் மோர்’னு கத்துனது யாரு சார்? பைக்கு சறுக்கி விழுந்தப்போ ஓடியாந்து, பைக்குக்கு என்னாச்சுன்னு பாத்தாங்களே, அவங்கள்ளாம் யாரு? வலிக்குதுன்னு சொன்னா வேல இல்ல, வலிக்கலன்னு நடந்தா ஏமாத்துக்காரி. இப்போ நொண்டிக் காட்டலன்னு ஏச்சு வேறயா? போய்யா, நீயும் உன் ஷாட்டும்!”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று போனாள். கோபத்தில் பாதத்தின் ஓரம், இடுப்பு, முகம் எதுவும் அவள் நினைவில் இல்லை. வெயிலில் கிடந்த அந்த நீண்ட தளத்தின் நடுவே, எல்லாரும் பார்க்க, இடது காலை இழுத்து இழுத்துப் போனாள்.

தீர்த்தகிரி அவளைக் கூப்பிட வாயெடுத்தான். டைரக்டர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சத்தம் போடாத” என்றார் தணிந்த குரலில். “ஆராதிகா, பாரு. கேட் வரைக்கும் போகட்டும். நல்லா பாத்துக்கோ.”